மதம் மாறிய ஈரானியர், அகமதியர்: அடைக்கல மனு நிராகரிக்கப்பட்ட பிறகு நாடு கடத்தலை நிறுத்துவது எப்படி?

தேவகி_மான்ஹைம் | திங்கள், இரவு 8.10

வணக்கம். ஓர் ஈரானியத் தம்பதிக்காகக் கேட்கிறேன். ஜெர்மனிக்கு வந்து இரண்டு வருடமாகிறது. இங்கே வந்த பிறகு கிறிஸ்தவர்கள் ஆனவர்கள். சென்ற வருடம் ஞானஸ்நானம் எடுத்தார்கள். சனிக்கிழமை அஞ்சல் பெட்டியைத் திறந்தால் மஞ்சள் உறையில் நிராகரிப்புக் கடிதம். சாரம் இவ்வளவுதான்: மதமாற்றம் உள்ளத்திலிருந்து வந்ததாகத் தெரியவில்லை, அப்படியே உண்மை என்றாலும் ஈரானில் வீட்டுக்குள் அமைதியாக வழிபட்டுக்கொள்ளலாம். ஞானஸ்நானச் சான்றிதழைக் காட்டினால் போதாதா என்று கேட்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?

---

அரசரட்ணம் | திங்கள், இரவு 8.42

சான்றிதழை இப்போதைக்கு ஒரு பக்கம் வையுங்கோ தங்கச்சி. முதலில் அந்த மஞ்சள் உறை எங்கே இருக்குது என்று கேளுங்கோ. கடிதத்தை எடுத்துவிட்டு உறையை எறிகிற ஆட்கள் நிறையப் பேர். உறையின் மேல் தபால்காரர் பேனாவால் ஒரு தேதி எழுதியிருப்பார். கெடு அந்தத் தேதியிலிருந்துதான் ஓடும். கடிதத்தில் அச்சடித்த தேதியும் கணக்கில்லை, நீங்கள் பெட்டியைத் திறந்த நாளும் கணக்கில்லை.

அடுத்தது, கடிதத்தில் மனு சாதாரணமாக நிராகரிக்கப்பட்டதா, "வெளிப்படையாகவே ஆதாரமற்றது" என்று நிராகரிக்கப்பட்டதா? சாதாரண நிராகரிப்பு என்றால் நிர்வாக நீதிமன்றத்தில் வழக்குப் போட 2 வாரம். வழக்கு முடியும்வரை அனுப்ப ஏலாது. இரண்டாவது வகை என்றால் 1 வாரம்தான், வழக்கு மட்டும் போட்டாலும் காணாது. அதே வாரத்துக்குள் "ஐல்அன்ட்ராக்" என்கிற அவசர மனுவும் சேர்த்துப் போட வேணும். அதைக் காலத்துக்குள் போட்டுவிட்டால் நீதிபதி அதற்கு முடிவு சொல்லும்வரை விமானத்தில் ஏற்றக் கூடாது. வழக்கைப் போட்டுவிட்டு அவசர மனுவை மறந்தவர்களைத்தான் விடியற்காலையில் பொலிஸ் வந்து கூட்டிக்கொண்டு போகிறது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய அடைக்கல நடைமுறை விதிகளுக்குத் தொடக்க நாள் 12.6.2026. அன்றைக்கும் அதற்குப் பிறகும் பதியப்படும் மனுக்களுக்குத்தான் அவை. இவர்களது பழைய மனு. எந்தக் கடிதம் என்றாலும் கடைசிப் பக்கத்தில் எத்தனை நாள், எந்த நீதிமன்றம் என்று அச்சிட்டிருக்கும். அதைத்தான் பின்பற்ற வேணும். இணையத்தில் யாரோ எழுதினதை இல்லை, நான் எழுதினது உட்பட.

---

தேவகி_மான்ஹைம் | திங்கள், இரவு 8.55

உறை இருக்கிறதா என்று நாளை காலை கேட்டுச் சொல்கிறேன். அதுவரை சான்றுகள் பற்றி யாராவது எழுதுங்களேன். "வீட்டுக்குள் வழிபடலாம்" என்பதற்கு என்ன பதில் சொல்வது?

---

பேர்ன்_குமரன் | திங்கள், இரவு 9.30

அதற்குப் பதில் 2012-இலேயே வந்துவிட்டது. அகமதியா என்ற இஸ்லாமியப் பிரிவைச் சேர்ந்த பாகிஸ்தானியர் இருவரின் ஜெர்மன் வழக்கில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 5.9.2012 அன்று தீர்ப்புச் சொன்னது: ஊருக்குத் திரும்பினால் இவர் தன் மத நடவடிக்கைகளில் ஈடுபடுவார், அதனால் உண்மையான துன்புறுத்தல் ஆபத்து வரும் என்று தெரிந்தால், "அதைச் செய்யாமல் இருந்துகொள்" என்று அதிகாரி சொல்ல முடியாது. வெளிப்படையாக வழிபடுவதும் மத உரிமையில் அடங்கும். ஜெர்மன் கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம் 2013 பிப்ரவரியில் அதை ஏற்றுக்கொண்டு ஒரு நிபந்தனையையும் வைத்தது. அந்த வழிபாடு அந்த மனிதருக்குத் தன் மத அடையாளத்தைக் காப்பதற்கு இன்றியமையாததாக இருக்க வேண்டும்.

வழக்கு முழுவதும் இந்த நிபந்தனையில்தான் நிற்கிறது. ஈரானில் என்ன நடக்கும் என்பதைப் பற்றி அதிகச் சண்டை இல்லை. மதத்தை விட்டு வெளியேறுவது அங்கே தண்டனைச் சட்டத்தில் தனிப் பிரிவாக எழுதப்படவில்லை. ஆனால் எழுதாத இடத்தில் ஷரீஅத்தைப் பார்க்கும்படி அரசியலமைப்பின் 167-ஆம் விதி நீதிபதிக்குச் சொல்கிறது. யூசுஃப் நதர்கானி என்ற போதகருக்கு 2010-இல் அப்படித்தான் மரண தண்டனை விதித்தார்கள். 2012-இல் அந்தக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தார்கள். நடைமுறையில் வீட்டுச் சபை நடத்துகிறவர்கள்மீது பெரும்பாலும் "தேசியப் பாதுகாப்புக்கு எதிரான செயல்" என்றுதான் வழக்குப் பாயும். ஆகவே நீதிபதி முன்னால் நிற்கும் கேள்வி ஈரானைப் பற்றியதல்ல. இந்த மனிதர் திரும்பிப் போனால் சபை தேடிப் போவாரா, மாட்டாரா என்பதுதான்.

---

நெல்லை_ஜோசப் | திங்கள், இரவு 10.05

சான்றிதழ் ஏன் போதாது என்று தேவகி கேட்டதற்கு வருகிறேன். ஜெர்மன் அரசியலமைப்பு நீதிமன்றம் 3.4.2020 அன்று ஓர் ஈரானியரின் முறையீட்டில் கோடு கிழித்துவிட்டது. ஞானஸ்நானம் செல்லுமா செல்லாதா என்று அரசு நீதிமன்றம் கேட்கக் கூடாது, அது திருச்சபையின் உள்விவகாரம். ஆனால் அந்த நம்பிக்கை இவருடைய வாழ்வில் எவ்வளவு ஆழம் என்பதை நீதிபதி தானே எடை போடலாம், போட வேண்டும். எனவே சான்றிதழ் கதவைத் திறக்கும், உள்ளே கொண்டுபோய் உட்கார வைக்காது.

எடை தருவது போதகரின் கடிதம். பெரும்பாலான கடிதங்கள் வீணாகப் போவது இப்படி: "இன்னார் எங்கள் சபையின் விசுவாசமுள்ள அங்கத்தினர், தவறாமல் வருகிறார், கர்த்தர் அவரை ஆசீர்வதிப்பாராக." இதே கடிதத்தைப் பெயரை மட்டும் மாற்றி ஐந்து பேருக்குக் கொடுத்திருப்பார்கள். ஐந்தும் ஒரே நீதிபதியின் மேசைக்குப் போகும். அதன் பிறகு அந்தச் சபையிலிருந்து வரும் ஆறாவது கடிதத்தையும் நம்ப மாட்டார்.

நல்ல கடிதத்தில் தேதிகள் இருக்கும். முதன்முதலாக எந்த மாதம் வந்தார், யார் அழைத்து வந்தார், ஞானஸ்நான வகுப்பு எத்தனை வாரம், எத்தனை அமர்வுக்கு வந்தார், எதற்கு வரவில்லை. போதகர் அவரோடு எந்த மொழியில் பேசுகிறார்? இடையில் மொழிபெயர்ப்பாளர் இருந்தால் அதையும் எழுத வேண்டும், மறைக்கக் கூடாது. கண்ணால் பார்த்ததையும் தான் நம்புவதையும் தனித்தனியாக எழுத வேண்டும். "ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நாற்காலி அடுக்குகிறார், புதன்கிழமை பாரசீக வேதபாடக் குழுவில் மாதம் ஒருமுறை அவரே பகுதி எடுத்துப் பேசுகிறார்" என்ற ஒரு வரி, "ஆழ்ந்த விசுவாசி" என்ற பத்து வரிக்குச் சமம். கேட்ட எல்லாருக்கும் ஞானஸ்நானம் கொடுக்காமல் சிலரைக் காத்திருக்கச் சொன்ன சபை என்றால் அதையும் தவறாமல் எழுதச் சொல்லுங்கள். போதகர் சாட்சி சொல்ல நீதிமன்றத்துக்கு நேரில் வரத் தயார் என்று கடிதத்தின் முடிவில் எழுதி, உண்மையிலேயே வர வேண்டும். இங்கே பிரிட்டனில் 2001-இல் வந்த டொரோடியன் தீர்ப்பிலிருந்தே போதகர் நேரில் வருவதைத் தீர்ப்பாயங்கள் எதிர்பார்க்கின்றன.

---

மொழித்துணை | செவ்வாய், காலை 6.50

எல்லாரும் கடிதத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். அடைக்கல அலுவலகத்தில் எடுத்த விசாரணைப் பதிவை யாராவது வாசித்தீர்களா? நிராகரிப்புகளில் பாதிக்குக் காரணம் அதற்குள் கிடக்கும். கடிதத்தோடு அதன் நகல் இல்லையென்றால் வழக்குக் கோப்பைப் பார்க்க விண்ணப்பிக்க வேண்டும்.

பாரசீக மொழிபெயர்ப்பாளர் திறமைசாலியாகவே இருக்கலாம். ஆனால் கிறிஸ்தவச் சொற்கள் அவருக்குப் பழக்கமில்லாமல் இருக்கும். ஓர் உதாரணம்: "ரூஹுல் குதுஸ்" என்பது ஈரானியக் கிறிஸ்தவர் வாயில் பரிசுத்த ஆவி. இஸ்லாமிய மரபில் அதே சொல் ஜிப்ரீலை, அதாவது காபிரியேல் தூதனைக் குறிக்கும். மொழிபெயர்ப்பாளர் தனக்குத் தெரிந்தபடி சொன்னால், திரித்துவம் பற்றிய கேள்விக்கு "தந்தை, மகன், காபிரியேல் தூதன்" என்று ஜெர்மனில் பதிவாகும். அதிகாரி என்ன நினைப்பார்? "குஸ்லே தஅமீத்" என்றால் ஞானஸ்நானம். "குஸ்ல்" மட்டும் காதில் விழுந்தால் "சடங்குக் குளியல்" என்று போகும். "ஈதே பாக்" என்றால் ஈஸ்டர். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் "தூய பண்டிகை" என்று வந்து, எந்தப் பண்டிகை என்றே தெரியாத ஆள் போலத் தோன்றும்.

நம் மொழியிலும் இதே சிக்கல்தான். திருமுழுக்கு என்பவரும் ஞானஸ்நானம் என்பவரும், திருப்பலி என்பவரும் ஆராதனை என்பவரும் வேறு வேறு சபைக்காரர்கள். கேட்ட மாத்திரத்தில் நமக்குத் தெரியும், வெளியாருக்குத் தெரியாது.

செய்ய வேண்டியது: பதிவை வரி வரியாக, பாரசீகமும் ஜெர்மனும் தெரிந்த, சபைக்குப் போகிற ஒருவரோடு உட்கார்ந்து வாசியுங்கள். ஒவ்வொரு பிழைக்கும் பக்க எண், பதிவில் இருப்பது, அவர் சொன்ன பாரசீகச் சொல், அதன் சரியான பொருள் என நான்கையும் எழுதுங்கள். அதை வழக்கின் காரணங்களோடு இணைக்க வேண்டும். இனி விசாரணைக்குப் போகிறவர்களுக்கு: முடிவில் பதிவைத் திரும்ப மொழிபெயர்த்து வாசித்துக் காட்டுவார்கள். நான்கு மணி நேரம் பேசிக் களைத்துப்போய் "சரி, சரி" என்று கையெழுத்துப் போடுவதுதான் வழக்கம். அந்த இடத்தில்தான் நிறுத்திக் கேட்க வேண்டும். கையெழுத்துக்கு முன் சொன்ன திருத்தம் பதிவிலேயே ஏறும். ஒரு வருடம் கழித்துச் சொன்னால் "வக்கீல் சொல்லிக்கொடுத்தது" என்பார்கள்.

---

கவின்_லண்டன் | செவ்வாய், காலை 9.15

இதெல்லாம் சரி. ஆனால் வேகமாக ஒன்று செய்யலாமே. இருவரும் ஞானஸ்நானப் படங்களை இன்ஸ்டாகிராமில் பொதுவில் போட்டுவிடட்டும், பாரசீகத்தில் சாட்சி எழுதட்டும். ஈரான் அரசுக்குத் தெரிந்துவிட்டது என்றாலே ஆபத்து நிரூபணமாகிவிடும் இல்லையா?

---

அரசரட்ணம் | செவ்வாய், காலை 9.58

வேண்டாம் தம்பி. ஊரில் அவர்களது தாய் தகப்பன் இருப்பினம், அவையளை முதலில் நினையுங்கோ. நிராகரிப்புக்கு அடுத்த வாரமே திடீரென்று 40 பதிவு போட்டால் நீதிபதிக்குத் தேதி தெரியாதா? வழக்குக்காகப் போட்டது என்று அதையே எதிராகத் திருப்புவார்.

உங்கட பிரிட்டனிலேயே 2022-இல் ஈரானியரின் ஃபேஸ்புக் பதிவுகள் பற்றி மேல் தீர்ப்பாயம் வழிகாட்டுத் தீர்ப்புச் சொல்லியிருக்கு. தெரிவுசெய்த சில திரைப்பிடிப்புகளை (ஸ்கிரீன்ஷொட்) அச்சடித்துக் கொடுத்தால் மதிப்பு மிகக் குறைவு. முழுக் கணக்கையும் மின்வடிவில் தரவிறக்கிக் கொடுக்க ஏலும்போது ஏன் கொடுக்கவில்லை என்றுதான் கேட்கும். கணக்கைக் காலத்தோடு மூடினால் ஆபத்தும் நீங்கிவிடலாம் என்றும் சொல்லியிருக்கு. ஏற்கெனவே போட்ட பதிவுகள் இருந்தால் முழுத் தரவையும் எடுத்து வைக்கட்டும். புதிதாக நாடகம் வேண்டாம்.

---

கவின்_லண்டன் | செவ்வாய், காலை 10.20

ஊரில் இருக்கிற குடும்பத்தை நான் யோசிக்கவில்லை அண்ணா. சரிதான். அந்தப் பதிவை யாரும் பின்பற்ற வேண்டாம்.

---

நெல்லை_ஜோசப் | செவ்வாய், பகல் 12.30

இதோடு சேர்ந்த இன்னொரு தவறு, பதில்களை மனப்பாடம் செய்ய வைப்பது. "இஸ்லாமில் பயம் இருந்தது, கிறிஸ்துவிடம் அன்பைக் கண்டேன்" என்ற வாசகத்தை நீதிபதிகள் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டார்கள். உண்மையாகவே அப்படி உணர்ந்தவர் சொன்னாலும் அது ஒப்பித்தது போலவே விழுகிறது.

ஐ.நா. அகதிகள் ஆணையம் 2004-இல் மதம் சார்ந்த கோரிக்கைகளுக்கென்று தனி வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. வேத அறிவைப் பரீட்சை போலச் சோதிப்பது சரியான வழியல்ல, அவருக்கு அந்த மதம் என்ன பொருள் தருகிறது என்பதைக் கதையாகச் சொல்ல விடவேண்டும் என்பது அதன் சாரம். ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றமும் 4.10.2018 அன்று ஓர் ஈரானியர் பல்கேரியாவில் போட்ட வழக்கில், மதத்தின் எல்லா அம்சங்களையும் பற்றி வாக்குமூலமோ ஆவணமோ கொடுக்க வேண்டியதில்லை என்றது. இவற்றை வக்கீல் மேற்கோள் காட்டட்டும்.

உதவுகிறவர்கள் செய்யக்கூடியது கேள்வி கேட்பது மட்டுமே. முதலில் உங்களை உறுத்தியது எது? எந்த வசனத்தில் நின்றீர்கள்? எதை இன்னும் ஏற்க முடியவில்லை? ரமலானில் இப்போது என்ன செய்கிறீர்கள்? தாயிடம் சொன்னீர்களா, சொல்லவில்லையென்றால் ஏன்? கணவரையும் மனைவியையும் தனித்தனியாகக் கேளுங்கள். இருவரும் ஒரே நாளில் ஒரே காரணத்துக்காக மாறியிருக்க வாய்ப்பு குறைவு. மனைவி ஆறு மாதம் முன்னதாகவே சபைக்குப் போயிருந்தால் அந்த வித்தியாசம் அப்படியே வரட்டும், அதை மழுப்பத் தேவையில்லை. விடையை நாம் எடுத்துக்கொடுத்த நிமிடமே அது அவருடைய சாட்சியாக இல்லாமல் போய்விடுகிறது.

---

ஹசீனா_கண்டி | செவ்வாய், மாலை 4.45

தலைப்பில் அகமதியரும் இருப்பதால் எழுதுகிறேன். அவர்களது நிலை வேறு, அவர்கள் மாறியவர்கள் அல்ல, பிறந்ததிலிருந்தே அப்படி. பாகிஸ்தான் 1974-இல் அரசியலமைப்பைத் திருத்தி அவர்களை முஸ்லிம் அல்லாதோர் ஆக்கியது. 1984 அவசரச் சட்டம் தண்டனைச் சட்டத்தில் 298-பி, 298-சி பிரிவுகளைக் கொண்டுவந்தது. தன்னை முஸ்லிம் என்று சொன்னால், தொழுகைக்கு அழைப்பதை அதான் என்று சொன்னால், 3 வருடம் வரை சிறை. அதற்கு மேல் 295-சி இருக்கிறது, நபியை அவமதித்தல் என்ற மரண தண்டனைப் பிரிவு. முஸ்லிம் என்று கடவுச்சீட்டு எடுக்க வேண்டுமென்றால் அவர்களது நிறுவனரை மறுக்கும் உறுதிமொழியில் கையெழுத்திட வேண்டும். அதனால் நாடு கடத்தப்படுபவரின் பயணப் பத்திரமே அவரைக் காட்டிக்கொடுக்கலாம்.

இங்கே சான்று என்பது ஜமாத்தின், அதாவது அகமதியரின் சமூக அமைப்பின், உறுதிக்கடிதம். உறுப்பினர் என்று மட்டும் எழுதினால் போதாது. சந்தா செலுத்தியது, வகித்த பொறுப்பு, பாகிஸ்தானில் எந்தக் கிளை என்பதெல்லாம் வேண்டும். "சாதாரண உறுப்பினர்தானே" என்று தள்ளுவதுதான் அதிகாரிகளின் வழக்கம்.

இலங்கை வாசகர்கள் இதைத் தூரத்து விஷயமாக நினைக்க வேண்டாம். 2014 ஆகஸ்டில் கொழும்பிலிருந்து பாகிஸ்தானிய அடைக்கலக் கோரிக்கையாளர்களை விமானமேற்றினார்கள். அவர்களில் அகமதியரும் கிறிஸ்தவரும் இருந்தார்கள். மேன்முறையீட்டு நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது, தடை நீங்கியதும் மறுபடி அனுப்பினார்கள். நம் நாடு 1951 அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. ஆனால் சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையில் சேர்ந்திருக்கிறது, அதன் 3-ஆம் விதி சித்திரவதை நடக்கும் இடத்துக்கு அனுப்புவதைத் தடுக்கிறது. அந்த விதியை நம்மவர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும். 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பிறகு நீர்கொழும்பில் வாடகை வீடுகளிலிருந்து இத்தகைய அடைக்கலக் கோரிக்கையாளர்கள் துரத்தப்பட்டதையும் பார்த்தோம்.

---

பேர்ன்_குமரன் | செவ்வாய், இரவு 7.20

சுவிஸில் இருப்பவர்களுக்கு: துரித நடைமுறையில் நிராகரிப்பின் வரைவு முதலில் சட்டப் பிரதிநிதிக்குப் போகும், 24 மணி நேரத்துக்குள் கருத்துச் சொல்ல வேண்டும். தீர்மானம் வந்த பிறகு மேன்முறையீட்டுக்கு 7 வேலை நாட்கள், விரிவான நடைமுறையில் 30 நாட்கள். ஸங்க்ட் காலனில் உள்ள கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம் சொல்வதே இறுதி. அதற்கு மேல் ஸ்ட்ராஸ்பேர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம்தான்.

ஸ்ட்ராஸ்பேர்க்கில் மூன்று தீர்ப்புகளைக் கையில் வைத்திருங்கள். எஃப்.ஜி. எதிர் சுவீடன், 23.3.2016: அந்த ஈரானியர் தன் மதமாற்றத்தை முதலில் காரணமாகச் சொல்ல விரும்பவில்லை. ஆனாலும் அது அதிகாரிகளுக்குத் தெரிந்திருந்ததால் அவர்களாகவே அந்த ஆபத்தை ஆராய்ந்திருக்க வேண்டும் என்றது பெரிய அமர்வு. ஏ.ஏ. எதிர் சுவிற்சர்லாந்து, 5.11.2019: மதம் மாறிய ஆப்கானியர், காபூலுக்கு அனுப்பினால் ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையின் 3-ஆம் விதி மீறல். எம்.ஏ.எம். எதிர் சுவிற்சர்லாந்து, 26.4.2022: மதம் மாறிய பாகிஸ்தானியர். அவருக்கு உள்நாட்டு நடைமுறையில் எந்தக் கட்டத்திலும் சட்டத்தரணி இருக்கவில்லை, இன்றைய நிலைமையை யாரும் சரியாக ஆராயவில்லை, அப்படியே அனுப்பினால் மீறல் என்றது.

விமானத் தேதி வந்துவிட்டால் ஸ்ட்ராஸ்பேர்க் நீதிமன்ற நடைமுறையின் 39-ஆம் விதியின்படி இடைக்காலத் தடை கேட்கலாம். அதற்கான இணையத் தளத்திலோ தொலைநகலிலோ அனுப்பலாம், மின்னஞ்சலை ஏற்க மாட்டார்கள். புறப்படும் நேரத்துக்கு ஒரு முழு வேலை நாள் முன்னதாகப் போய்ச் சேராவிட்டால் பார்க்க நேரமிருக்காது. உள்நாட்டுத் தீர்ப்புகள் எல்லாவற்றின் நகல், விமான நாள், நேரம், என்ன ஆபத்து என்று இரண்டு பக்கத்தில் தெளிவாக. "தீர்ப்பு பிறகு அனுப்புகிறோம்" என்று எழுதினால் நிராகரிக்கப்படலாம். அல்லது ஐ.நா. சித்திரவதைக்கு எதிரான குழுவிடம் போகலாம். இரண்டிலும் ஒரே நேரத்தில் போகக் கூடாது.

---

மொழித்துணை | செவ்வாய், இரவு 8.00

ஒரு சின்னக் குறிப்பு. வழக்கு நடக்கும்போது கடவுச்சீட்டைப் புதுப்பிக்க ஈரானியத் தூதரகத்துக்குப் போக வேண்டாம். "பயந்தவர் தூதரகத்துக்கு ஏன் போனார்" என்று கேட்பார்கள். வெளிநாட்டவர் அலுவலகம் போகச் சொன்னால், போகாமல் இருந்துவிடாமல் வக்கீல் மூலம் எழுத்தில் பதில் கொடுக்க வேண்டும்.

---

தேவகி_மான்ஹைம் | புதன், காலை 10.40

உறை கிடைத்துவிட்டது, குப்பைப் பையிலிருந்து எடுத்தார்களாம். மேலே எழுதியிருப்பது வெள்ளிக்கிழமை தேதி. அவர்கள் பார்த்ததுதான் சனிக்கிழமை. கடிதத்தில் "வெளிப்படையாகவே ஆதாரமற்றது" என்றுதான் இருக்கிறது. விசாரணைப் பதிவில் பக்கம் 7-இல் "சடங்குக் குளியல்" என்றே வந்திருக்கிறது. இருவருடைய பதில்களும் முரண்படுவதாகக் காட்டியிருப்பதே அந்த இடத்தில்தான். வக்கீல் அடுத்த திங்கள்தான் நேரம் கொடுக்கிறார்.

---

அரசரட்ணம் | புதன், காலை 10.52

திங்கள் பிந்திவிடும். வெள்ளி போட்டது என்றால் இந்த வெள்ளி நள்ளிரவோடு கெடு முடியுது. சனி என்றிருந்தால் கடைசி நாளும் சனியில் விழுந்து திங்களுக்குத் தள்ளியிருக்கும். அந்த வாய்ப்பு இப்போது இல்லை. பெட்டியில் போட்ட நாளே கையில் கொடுத்த நாள்.

வக்கீல் இல்லாமலே இன்றைக்கோ நாளைக்கோ நிர்வாக நீதிமன்றத்துக்குப் போங்கோ. "ரெக்ட்ஸ்அன்ட்ராக்ஸ்டெல்ல" என்று ஒரு அறை இருக்கும், அங்கே எழுத்தர் நீங்கள் சொல்வதைக் கேட்டு வழக்கையும் அவசர மனுவையும் தானே எழுதித் தருவார். அடைக்கல வழக்குக்கு நீதிமன்றக் கட்டணம் இல்லை. கொண்டு போக வேண்டியது: முழுக் கடிதம், உறை, இருவரது அடையாள அட்டை. வழக்கும் அவசர மனுவும் கணவருக்கும் மனைவிக்கும் இரண்டு பேர் பெயரிலும் இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்து வையுங்கோ. கேட்பது வரிசையாக இருக்க வேணும்: அகதி அந்தஸ்து, அது இல்லையென்றால் துணைப் பாதுகாப்பு, அதுவும் இல்லையென்றால் நாடு கடத்தல் தடை. சாதாரண மின்னஞ்சலில் அனுப்பினால் செல்லாது. வெள்ளி மாலை ஆகிவிட்டால் நீதிமன்ற வாசலில் உள்ள இரவுப் பெட்டியில் 12 மணிக்கு முன்னம் போட வேணும், ஆனால் அதுவரைக்கும் விடாதேங்கோ.

காரணங்களை விரிவாக எழுத, கடிதம் கிடைத்த நாளிலிருந்து ஒரு மாதம் இருக்குது. ஆனால் அவசர மனுவுக்கு நீதிபதி அவ்வளவு நாள் காத்திருக்க மாட்டார். பக்கம் 7-இன் திருத்தத்தை மட்டும் ஒரு தாளில் எழுதி இன்றைக்கே சேர்த்துக் கொடுங்கோ. மொழித்துணை, அந்தத் தாளை நீங்கள் பார்த்துக் குடுக்க ஏலுமா?

---

மொழித்துணை | புதன், காலை 11.03

தருகிறேன். தேவகி, பக்கம் 7-ஐ மட்டும் பெயர்களையும் கோப்பு எண்ணையும் மறைத்துத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். அவர்கள் சொன்ன பாரசீக வாக்கியம் என்ன என்று அவர்கள் வாயாலேயே கேட்டு, குரல் பதிவாகவும் அனுப்பச் சொல்லுங்கள். பகல் 2 மணிக்குள் ஜெர்மனில் எழுதித் தந்துவிடுகிறேன்.

---

தேவகி_மான்ஹைம் | புதன், காலை 11.06

அனுப்பிவிட்டேன். எழுத்தர் அறை நாளை காலை 9 மணிக்குத் திறக்கிறது. மூவரும் 8.30-க்கே வாசலில் இருப்போம்.